ரோஸ் லாரி

அக்பினார் ஊரில் ஒருவன் லாரித் தொழிற்சாலையின் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள அவனிடம் கேட்க வேண்டியதில்லை. வார்ப்படப் பிரிவுக்காரன் தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கு முன்னால் அவன் இருமல் நுழைந்துவிடும். பொருத்தும் பிரிவுக்காரன் வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டே பேசுவான். சோதனை அறைக்காரன் பேசவே மாட்டான். ரெம்ஸி சோதனை அறைக்காரன்.

லாரிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு புது எஞ்சினும் அந்த அறைக்கு வரும். அதை இரும்புப் படுக்கையில் போல்ட் போட்டு இறுக்கி, முழுச் சுமையை ஏற்றி, இரவு பகல் பார்க்காமல் ஓட்டுவார்கள். எங்கே உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகைக்குழாய் பழுத்துச் சிவந்து நிற்கும். இந்தப் பக்கம் ரெம்ஸி எண்ணெய் பார்ப்பான், தண்ணீர்ச் சூடு பார்ப்பான், சத்தம் கொஞ்சம் பிசகினாலும் தலையைத் தூக்குவான். உள்ளே போகும்போது கைபேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். வெளியே வரும்போது கண்டது கேட்டது எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். புது எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கசிந்தாலும் போட்டிக் கம்பெனிக்காரன் காதுக்குப் போய்விடும் என்று மேலே இருப்பவர்களுக்குப் பயம். ரெம்ஸிக்கு அது பயமாக இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஊரே எதையெதையோ உளறிக்கொண்டிருக்க, தான் மட்டும் விஷயம் தெரிந்தும் தேநீரைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறதல்லவா.

அவன் மனைவி ஷெஃபிகா ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள். இன்றைக்கு வேலை எப்படி என்றால், எஞ்சின் ஓடியது என்பான். மறுநாளும் எஞ்சின் ஓடியது. சுவரைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாலும் மேலே சட்டியாவது மாட்டியிருக்கலாம் என்று அவள் பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கிற முகம் அவளுக்கு. கன்னம் இரண்டும் பனிக்காலத்திலும் சிவந்திருக்கும். ஒரே மகள் கல்யாணமாகி பூர்சாவில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர், அடுத்த வாசலில் ரெம்ஸியின் தங்கை முனெவ்வெர்.

கம்பெனி முதலாளி குடும்பத்துக்கு ஓர் அறக்கட்டளை உண்டு. கிராமங்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள், லாரி ஓட்டுநர்களுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, உண்மையிலேயே கொடுத்தார்கள். அதற்கடுத்து வந்ததுதான் ரோஸ் லாரி. பெண்களின் மார்பில் வருகிற அந்த வியாதியை முன்னாலேயே கண்டுபிடிக்கிற எக்ஸ்ரே எந்திரத்தை ஒரு பெரிய லாரிக்குள் வைத்து, ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களுக்கெல்லாம் அனுப்புவது என்று திட்டம். லாரியை இழுக்கப்போவது நம் ஊரின் புது எஞ்சின். ஊருக்குள் போய் நின்றபிறகு எந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கப்போவதும் அதே எஞ்சின்தான். எஞ்சினுக்கும் விளம்பரம், ஏழைப் பெண்களுக்கும் உபகாரம். அக்டோபரில் ஒரு நாள் குறித்து அமைச்சரையும் அழைத்துவிட்டார்கள்.

நாள் குறித்தவர்கள் எஞ்சினிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது சோதனை அறையில் சிலிண்டர் விரிசல் விட்டது. எண்ணெயும் தண்ணீரும் கலந்து மோர் நிறத்தில் வழிந்தது. ரெம்ஸிதான் முதலில் பார்த்தான். சரிசெய்து மறுபடி ஓட்டிப் பார்க்கக் குளிர்காலம் முழுக்க ஆகும் என்று அவனுக்கே தெரிந்தது. பிரிவுத் தலைவர் ஜெவ்தெத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்து, நடக்க வேண்டியதைச் சொன்னார்.

எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கட்டிகளை வைத்துச் சங்கிலி போட்டார்கள், லாரி சரியான உயரத்தில் நிற்பதற்காக. சங்கிலியை இறுக்கியவன் ரெம்ஸி. விடிவதற்கு முன்னால் டிராக்டர் கட்டி லாரியைச் சதுக்கத்துக்கு இழுத்துப்போய் நிறுத்தினார்கள். கேபினுக்கு அடியில் ஓர் ஒலிபெருக்கி. அதில் ஓடியது சோதனை அறையில் ரெம்ஸி பதிவுசெய்து வைத்திருந்த எஞ்சின் சத்தம். அமைச்சர் ரிப்பனை வெட்டியபோது அந்தச் சத்தம் கும்மென்று கேட்டது. இரும்புக் கட்டி அவ்வளவு அழகாக உறுமும் என்று ரெம்ஸியே நினைத்திருக்கவில்லை. வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்று ஜெவ்தெத் சொல்லியிருந்தார். அதை ரெம்ஸியிடம் சொல்லத் தேவையே இல்லை.

லாரியின் பக்கவாட்டில் ஒட்டுவதற்கு ஒரு பெண்ணின் படம் வேண்டியிருந்தது. அறக்கட்டளையிலிருந்து வந்த பெலின் என்ற பெண்மணிக்கு இஸ்தான்புல் நடிகை வேண்டாம், நிஜமான தொழிலாளி வீட்டுப் பெண் வேண்டும் என்று ஆசை. நல்ல எண்ணந்தான். விழாக் கூட்டத்தில் ஷெஃபிகா சிரித்ததைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஷெஃபிகா உள்ளே ஏறி, கொடுத்த மேலங்கியை மாட்டிக்கொண்டு, எந்திரத்தின் தட்டில் மார்பை ஒட்டி நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் இறங்கலாம் என்றாள். துணைக்குப் போன முனெவ்வெர், மூன்று வீடு தள்ளி இருக்கும் நாஸிஃபே, அதே தெருவில் இருக்கும் பெண்கள் இன்னும் சிலர், நாங்களும் நிற்கிறோம் என்று ஏறினார்கள். படம் எடுக்கிறவன் தாராளமானவன். எல்லோரையும் மூச்சுப் பிடிக்கச் சொல்லி எடுத்தான்.

அன்றைக்கு இரவு ஷெஃபிகா முட்டைக்கோஸ் இலையில் அரிசி சுருட்டி வைத்திருந்தாள். சாப்பிடும்போது பேச்செல்லாம் அதுதான். அந்த வியாதிக்குப் பார்ப்பது என்றால் என்னவோ ஏதோ என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், ஒன்றுமே தெரியவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, பூர்சாவுக்குப் போன் போட்டு மகளையும் போகச் சொல்லிவிட்டேன் என்றாள். ரெம்ஸியின் கை தட்டில் நின்றது. எந்திரத்தில் மின்சாரம் இல்லை, அது வெறும் படம் என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது அவனுக்கு அப்போதே புரிந்தது. இல்லை என்று எப்படிச் சொல்லமுடியும், புரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் மின்சாரம் ஏன் இல்லை என்று கேட்பாள். எஞ்சின் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். நாளைக்கு அது முனெவ்வெர் வீட்டுக்குப் போகும், மாலைக்குள் தேநீர்க் கடைக்குப் போகும். எஞ்சின் தயாரானதும் தானே அழைத்துப்போய்க் காட்டிவிடலாம், கொஞ்ச நாள் கழித்துக் காட்டினால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு சுருள் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

எஞ்சின் வசந்தத்தில் தயாரானது. சோதனை அறையில் கைதட்டினார்கள், ஜெவ்தெத் ரெம்ஸியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். லாரிக்குள் ஏற்றிய மறுநாளே அது கிழக்கே கிளம்பிவிட்டது. ஆளுயரத்துக்கு ஷெஃபிகாவின் சிரித்த முகம், கீழே ‘நான் பார்த்துக்கொண்டேன், நீங்களும் வாருங்கள்’ என்ற எழுத்து. அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தவன் எஞ்சின் ஓடுகிற சந்தோஷத்தில் அதை மறந்துபோனான். ஓட்டுநர் துர்முஷ் ஊர் ஊராகப் போய் அங்கிருந்து போன் போட்டுக் கேலி செய்வான். உங்கள் வீட்டுக்காரி இந்நேரம் மலாட்யா சந்தையில் நிற்கிறாள், சோறு யார் போடுகிறார்கள் என்பான். பரிசோதனை முடிவு ஒன்றும் வரவில்லையே என்று ஒருமுறை முனெவ்வெர் கேட்டதற்கு, கெட்டது இருந்தால்தானே எழுதுவார்கள் என்று நாஸிஃபே சொன்னாள். தெரு ஒப்புக்கொண்டது.

கசகசாக் காய் பறிக்கிற கோடை நாட்களில் ஷெஃபிகாவின் கைக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. விறகு சுமந்ததில் சதை பிசகியிருக்கும் என்று எண்ணெய் தேய்த்தாள். முனெவ்வெரிடம் காட்டினாள். அந்த வியாதியாக இருக்குமோ என்று முனெவ்வெர் பயந்தபோது, ஷெஃபிகா சிரித்தாளாம். அதைத்தான் எந்திரத்திலேயே பார்த்தாச்சே, லாரி மேல் எழுதி நாடெல்லாம் காட்டுகிறார்களே என்றாளாம். இதையெல்லாம் ரெம்ஸி பிறகுதான் கேள்விப்பட்டான்.

இலையுதிர் காலத்தில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை வந்தபோது அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை. ரெம்ஸி எஸ்கிஷெஹிர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். அங்கே எந்திரத்தின் முன்னால் நிறுத்தி, மேல் தட்டை இறக்கி மார்பை அழுத்தினார்கள். ஷெஃபிகாவின் கத்தல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெம்ஸிக்குக் கேட்டது. பிறகு ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ படம் எடுத்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர், நல்ல மனுஷன், இருவரையும் உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்துச் சொன்னார். வெட்டி எடுக்க வேண்டும். முதுகெலும்பிலும் இரண்டு இடத்தில் போயிருக்கிறது. போன வருஷமே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் கடைசி இருக்கை கிடைத்தது. ரோடு முழுக்க பீட்ரூட் ஏற்றிய டிராக்டர்கள். சக்கரத்துச் சேற்றைத் தார்மேல் கொட்டிக்கொண்டு அவை ஊர, பின்னால் மினிபஸ்ஸும் ஊர்ந்தது. ஷெஃபிகா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“அன்னிக்கு இப்படி வலிக்கல, ரெம்ஸி.”

“என்னிக்கு?”

“லாரியில. தட்டு கீழ இறங்கவேயில்ல. சும்மா ஒட்டிக்கிட்டு நின்னேன். இங்க உயிரே போயிருச்சு. ரெண்டும் ஒரே எந்திரம்தானே?”

ரெம்ஸி தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தான்.

“அந்த லாரியில எஞ்சின் இல்ல, ஷெஃபிகா.”

அவள் திரும்பவில்லை.

“இரும்புக் கட்டி வெச்சிருந்தோம். எஞ்சின் அப்ப உடைஞ்சு கெடந்துச்சு. எஞ்சின் இல்லாம கரண்டு இல்ல. எந்திரம் ஓடல. உன்னை எடுத்தது வெறும் போட்டோ.”

“சத்தம் கேட்டுச்சே.”

“அது நான் பதிவு பண்ணி வெச்சிருந்தது. ஸ்பீக்கர்ல போட்டாங்க.”

“உனக்கு அன்னிக்கே தெரியும்.”

“தெரியும்.”

“கோசுச் சுருட்டு சாப்பிட்டியே, அப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

முன் இருக்கையில் இருந்தவர் காதைக் கொடுக்கிறார் என்று தெரிந்தும் ரெம்ஸி குரலைத் தாழ்த்தவில்லை. எஞ்சினைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது வேலையின் சட்டம், உனக்கே தெரியுமே, தயாரானதும் சொல்லலாம் என்று இருந்தேன் என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனான். ஷெஃபிகா முடிகிறவரை கேட்டாள்.

“எஞ்சினைப் பத்திப் பேசக் கூடாது. சரி. நான் எஞ்சினா?”

ரெம்ஸி முழங்கால்மேல் இருந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். நல்லவன்தான் ரெம்ஸி. ஒருநாள்கூட அவள்மேல் கைநீட்டியதில்லை, குடித்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டுந்தான் அவன் பெருமையாக நினைத்த குணம். அதுதான் வந்து கழுத்தைப் பிடித்தது.

அக்பினார் முக்கு வந்தபோது ஷெஃபிகா இறங்குவதற்கு முன்னால் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். முனெவ்வெரும் ஏறினாள், நாஸிஃபேயும் ஏறினாள், எல்லாரும் பார்த்தாச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கே போய்ச் சொல் என்றாள். சொல்கிறேன் என்றான்.

சொல்லவில்லை. அறுவை சிகிச்சை முடியட்டும் என்று இருந்தான். முடிந்தது. மகள் வந்து பத்தியச் சாப்பாடு செய்துபோட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். தெருவில் இருக்கும் பெண்கள் தர்ஹானா கஞ்சியும் கசகசா ரொட்டியும் கொண்டுவந்து, நோய் கடந்து போகட்டும், கடந்து போகட்டும் என்று வழக்கம்போலச் சொல்லிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எந்திரத்துக்கே போக்குக் காட்டிவிட்டு ஒளிந்திருந்த வியாதி என்று நாஸிஃபே வாய் பிளந்தாள். ஷெஃபிகா ரெம்ஸியைப் பார்த்தாள். அவன் அடுப்புக்கு நிலக்கரி எடுக்க எழுந்து போனான். ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுத்த கையெழுத்து இருக்கிறது, வேலை போய்விட்டால் இந்த வயசில் யார் சேர்ப்பார்கள் என்று அவனுக்குள் ஒரு கணக்கு ஓடியது. முதல் மருந்து ஏற்றியபோது ஷெஃபிகாவுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. இரண்டாவதுக்குப் போகவேண்டிய காலையில் அவள் கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை.

“நீ சொல்ற வரைக்கும் நான் ஊசி போட்டுக்க மாட்டேன்.”

“பைத்தியமா உனக்கு? மினிபஸ் போயிரும்.”

“போகட்டும். ஆஸ்பத்திரி எங்கயும் போகாது. முனெவ்வெருக்கு முப்பத்தெட்டு வயசு, ரெண்டு புள்ளைங்க. உன் தங்கச்சி. நான் சொல்லிரலாம். எனக்கு வாய் இல்லாம இல்ல. நீதான் சொல்லணும். சங்கிலி மாட்டினது நீதானே.”

அன்றைக்கு முனெவ்வெர் வீட்டில் பெண்கள் கூடுகிற நாள். மாதம் ஒரு வீடு என்று முறைவைத்துக் கூடுவார்கள். அந்த மத்தியானத்துக்கு வீட்டு ஆண்கள் தாமாகவே வெளியேறித் தேநீர்க் கடையில் போய்க் கிடப்பார்கள். ஆண் உள்ளே எட்டிப்பார்த்தான் என்று அக்பினாரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ரெம்ஸி வாசலில் குவிந்து கிடந்த பெண்கள் செருப்புகளுக்கு நடுவே தன் ஷூவைக் கழற்றிவிட்டுக் கூடத்துக் கதவைத் திறந்தான். போரெக் பலகாரத் தட்டும் தேநீர்க் கோப்பைகளும் பிடித்த கைகள் அப்படியே நின்றன. தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

“கடை மூடிட்டாங்களா ரெம்ஸி, வழி தவறி வந்துட்ட?” என்றாள் நாஸிஃபே. “வந்தது வந்த, உக்காந்து பின்னு. நூல் தரேன்.”

சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குக் காத்திருந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான். மினிபஸ்ஸில் சொன்ன அதே சொற்கள்தான், எஞ்சின் இல்லை, கரண்டு இல்லை, எந்திரம் ஓடவில்லை. உங்களில் ஒருத்தரையும் யாரும் பார்க்கவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

முனெவ்வெர்தான் முதலில் எழுந்தாள்.

“அண்ணி கட்டியக் காட்டினப்ப, எந்திரத்துல பாத்தாச்சேன்னு நானும் விட்டுட்டேண்ணே. நான் போவோம்னு சொல்லியிருந்தா வந்திருப்பாங்க. என் கையால தொட்டுப் பாத்துட்டு விட்டேன்.”

“உன் மேல ஒண்ணுமில்லம்மா.”

“யார் மேல இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

நாஸிஃபே கோப்பையைக் கீழே வைத்தாள். “கட்டின புருஷனுக்கே வெளிச்சத்துல காட்டாத உடம்பு. அதை ஒரு வெத்து இரும்புப் பெட்டிக்குக் காட்டிட்டு வந்திருக்கோம். இனிமே அந்த லாரி பக்கம் தலைவெச்சுப் படுத்தா என்னை என்னன்னு கேளு.”

எல்லோரும் அதையே சொன்னார்கள். பரிசோதனைக்குப் போகச் சொல்லத்தான் ரெம்ஸி வந்தான். அவன் போனபிறகு, இனிமேல் எந்தப் பரிசோதனைக்கும் போவதில்லை என்று அந்தக் கூடம் முடிவுசெய்தது. எஸ்கிஷெஹிருக்காவது போயேன் என்று முனெவ்வெரைக் கெஞ்சிப் பார்த்தான் ரெம்ஸி. அங்கே மட்டும் எஞ்சின் இருக்கிறது என்று யார் பார்த்தது என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

விஷயம் மாலைக்குள் தேநீர்க் கடைக்குப் போனது, மறுநாள் தொழிற்சாலைக்குப் போனது. ஜெவ்தெத் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கத்தவில்லை. வேற யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் ரெம்ஸி, நீயா என்றார். ரெம்ஸி மனைவியின் நிலைமையைச் சொன்னான். ஜெவ்தெத் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கடந்து போகட்டும் என்றார். சோதனை அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, உதிரிபாகங்களைக் கழுவும் பிரிவுக்கு மாற்றினார். வேலையைவிட்டு அனுப்பாமல் வைத்திருக்க அவர் மேலிடத்தில் எவ்வளவு பேசியிருப்பார் என்பது ரெம்ஸிக்குத் தெரியும். பிறகு அவன் நாள் முழுக்க மண்ணெண்ணெய்த் தொட்டியில் கைவைத்து நின்றான். அடுத்த கட்டிடத்தில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கும். அதில் ஏதாவது பிசகினால் இன்னமும் அவன் தலை தானாக நிமிரும்.

ஷெஃபிகா ஊசி போட்டுக்கொண்டாள். குளிர்காலம் முழுக்கப் போட்டுக்கொண்டாள். அவளால் ஆனது வாந்தி எடுப்பதும் தூங்குவதும்தான். ரெம்ஸி கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டான். இரவில் அவளுக்கு முதுகு வலி வரும்போது, வேறு பேச ஒன்றும் இல்லாமல், இருபது வருஷத்துச் சோதனை அறைக் கதைகளைச் சொன்னான். எந்த எஞ்சின் எப்படி உடைந்தது, யார் எதை மறைத்தார்கள், ஜெவ்தெத் எப்போது அழுதார் என்று ஒன்று விடாமல் சொன்னான். இதையெல்லாமா வயித்துல வெச்சிருந்த என்று அவள் சிரிப்பாள். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் இன்னொன்று சொல் என்பாள். அவர்கள் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டது அந்தக் குளிர்காலத்தில்தான். அதை நினைத்தால்தான் ரெம்ஸிக்குத் தாங்க முடியாமல் போகும்.

பனி உருகிச் சாக்கடை நிரம்பி ஓடுகிற சமயத்தில் ரோஸ் லாரி ஊர் திரும்பியது. நாடெல்லாம் சுற்றிவிட்டுச் சொந்த ஊரில் நிறைவு விழாவாம். பெலின் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷெஃபிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு உள்ளே ஏறினவர்கள் அதைப் பரிசோதனை என்று நினைப்பார்கள் என்று தனக்குத் தோன்றவேயில்லை, தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாள். நாளைக்கே ஆள் வைத்து அந்தப் படத்தைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன் என்றாள்.

“அந்தப் படத்தைப் பாத்துட்டு எத்தனை பேர் ஏறினாங்க மேடம்?” என்று கேட்டாள் ஷெஃபிகா.

“ஆயிரக்கணக்குல.”

“யாருக்காவது முன்னாடியே கண்டுபிடிச்சீங்களா?”

“நிறைய பேருக்கு.” பெலின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பொழச்சிருக்காங்க.”

“அப்ப விடுங்க. இருக்கட்டும்.”

மறுநாள் சதுக்கத்தில் மூலைக்கு மூலை மேளம் அடித்தும் அக்பினார்ப் பெண் ஒருத்தி படிக்கட்டில் கால்வைக்கவில்லை. சாமான் வாங்குகிற சாக்கில் வந்து, கையில் பையோடு தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முனெவ்வெரும் நாஸிஃபேயும் பேக்கரிச் சுவரோரம் நின்றார்கள். ரெம்ஸி ஷெஃபிகாவைப் பிடித்துக் கூட்டிவந்தான். வீட்டிலிருந்து அந்தத் தூரத்துக்கு நாலு இடத்தில் உட்கார்ந்துதான் வர முடிந்தது. லாரியின்மேல் கன்னம் சிவந்த ஷெஃபிகா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே நிற்கிறவளுக்குப் போட்டிருந்த கோட்டு இரண்டு சுற்று பெரிதாக இருந்தது. கூட்டம் மேலேயும் கீழேயும் மாறிமாறிப் பார்த்தது.

“இப்ப இருக்கா?” என்று ரெம்ஸியிடம் கேட்டாள் ஷெஃபிகா.

அவன் போய் முகப்பைத் தூக்கி, தன் கைப்பட்ட எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பிசிறு இல்லை. இருக்கு என்றான். அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தாள்.

உள்ளே இருந்த நர்ஸ் பெண் பதறிவிட்டாள். சிகிச்சையில் இருக்கிறீர்கள், ஒரு பக்கம் எடுத்தாயிற்று, இதில் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை, வீணாக உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னாள்.

“எனக்குத் தெரியும்மா. எனக்கொண்ணும் ஆகப்போறதில்ல இதனால,” என்றாள் ஷெஃபிகா. “நான் பாத்துக்கிட்டேன்னு என் மூஞ்சியப் போட்டு எழுதியிருக்கு. நான் பாத்துக்கல. இன்னொரு பக்கம் இருக்குல்ல, அதை எடு.”

நர்ஸ் ரெம்ஸியைப் பார்த்தாள். அவன் ஷெஃபிகாவின் கோட்டை வாங்கிக்கொண்டு வெளியே படியில் போய் நின்றான். கதவு மூடிக்கொண்டது. எந்திரத்துக்குள் மின்சாரம் ஏறுகிறபோது எஞ்சினின் சத்தம் ஒரு நூல் கனத்துக் கேட்கும். அது அவன் காதுக்கு மட்டுந்தான் தெரியும். கனத்தது. தட்டு இறங்குகிறது என்று தெரிந்துகொண்டான். உள்ளேயிருந்து ஷெஃபிகாவின் கத்தல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, அவளிடம் அவ்வளவு குரல் மிச்சமில்லை, ஆனாலும் பேக்கரி வரைக்கும் கேட்டது.

அவள் வெளியே வந்தபோது மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைத்துணி நழுவி மொட்டைத் தலை தெரிந்தது. இழுத்துவிட்டுக்கொள்ளக் கை எழவில்லை. ரெம்ஸி சரிசெய்யப் போனான், வேண்டாம் என்று தலையசைத்தாள். முனெவ்வெர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து படிக்கட்டின் அடியில் நின்றாள்.

“வலிச்சுதா அண்ணி?”

“வலிச்சுது,” என்றாள் ஷெஃபிகா. “நல்லா வலிச்சுது. இது நிஜம். நீ ஏறு.”

முனெவ்வெர் கைப்பையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, அண்ணியைத் தாண்டி உள்ளே போனாள். பிறகு நாஸிஃபே ரொட்டிப் பையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து படிக்கட்டின் கீழே வரிசையில் நின்றாள்.